பாடசாலையும் பணிக்களமும்: உள்ளூர்த் தாபனங்களுடன் இணைந்த பணிவழிக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

பாடசாலைக் கல்விக்கும் உழைக்கும் வாழ்க்கைக்கும் இடையே தொடர்பில்லை என்னும் முறைப்பாடு இலங்கையிற் புதியதன்று. 1930களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை ஏறத்தாழ ஒவ்வொரு தலைமுறையிலும் இக்குறையைக் களைய ஒரு சீர்திருத்தம் தொடங்கப்பட்டுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு தலைமுறை முதிர்வதற்குள்ளேயே கைவிடப்பட்டுமுள்ளன. திட்டங்களை வகுத்தோர் அறிவிலோ நோக்கத்திலோ குறைந்தவரல்லர். அவ்வாறாயின் அவை நிலைபெறாமைக்குக் காரணம் யாது? பாடசாலைகள் தத்தம் சூழலிலுள்ள கூட்டுறவுச் சங்கங்கள், பட்டறைகள், பண்ணைகள், மருத்துவமனைகள் முதலிய தாபனங்களுடன் கைகோத்து மாணவர்க்குப் பணிவழிக் கல்வி அளித்தல் எத்தகைய நிபந்தனைகளின் கீழ்ப் பயன்தரும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. மூன்று வேறு விடயங்கள் இன்று 'தொழிற்கல்வி' என்னும் ஒரே பெயரால் வழங்கப்படுகின்றன. பாடசாலைக்குள் நேரசூசியில் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படும் கைப்பணி ஒன்று. பாடசாலையை விட்டு விலகியபின் ஒருவர் தொழில் பயிலுநராகச் சேர்ந்து பெறும் பயிற்சி மற்றொன்று. மாணவர் பாடசாலையில் இருக்கும்போதே தம் கற்றலின் ஒரு பகுதியை மெய்யான ஒரு பணிக்களத்திற் பெறுவதும், ஆசிரியரும் பணிக்களத்தில் மூத்தவரும் அதனைக் கூட்டாக வழிநடத்துவதும், அக்கற்றல் கல்விச் சான்றிதழிற் கணக்கிலெடுக்கப்படுவதும் மூன்றாவது. இம்மூன்றாவது வகையினையே நாம் ஈண்டுப் 'பணிவழிக் கல்வி' என்கிறோம். முதலிரண்டும் ஒரு தாபனத்தின் பொறுப்பில் மட்டும் நடக்கக்கூடியவை. மூன்றாவது, இரு தாபனங்கள் உடன்பட்டாலன்றி நடவாது. அதன் வலிமையும் அதன் இடர்ப்பாடும் இவ்விடத்திலேயே தோன்றுகின்றன.

குடியேற்ற நாட்டாட்சி விட்டுச் சென்ற மரபு

1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமறன் சீர்திருத்தங்களின் பின்னர் ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்திற்கான வாயிலாயிற்று. நிருவாகச் செலவைக் குறைப்பதற்கு உள்நாட்டு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். பாடசாலை அவர்களை ஆக்கிக் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் மிசனரிமார் நிறுவிய கல்லூரிகளும் காலப்போக்கில் இவ்வழியிலேயே இயங்கின. நிலம் சிறுத்து மக்கள் தொகை பெருகிய ஒரு குடாநாட்டிலே கொழும்பிலும் மலாயாவிலும் கிடைத்த எழுதுவினைஞர் பதவி குடும்பமொன்றின் பொருளாதாரத்தையே மாற்றவல்லதாக இருந்தது. 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்னும் வழக்கு வெறும் மனப்பாங்கின் வெளிப்பாடன்று. மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் கணக்கிட்டுப் பார்த்த மக்களின் பொருளியல் முடிவாகவும் அதனைக் கொள்ளல் வேண்டும்.

எனினும், அக்காலத்திலேயே இதற்கு மாறான ஒரு முயற்சியும் இம்மண்ணில் நிகழ்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்தவாறே உள்ளூர் மாணவர்க்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். தமது பணியின் பிற்பகுதியில் அதனைத் தமிழ் மூலமே கற்பித்ததுடன், அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழிலாக்கியும் கலைச்சொற்களை ஆக்கியும் வைத்தார். மாணவர் நூலை ஒருபுறமும் நோயாளியை மறுபுறமும் வைத்துக் கற்றனர். மருத்துவமனையே வகுப்பறையாக இருந்தது. மாணவரின் மொழியே கற்றல் மொழியாக இருந்தது. பயின்று வெளியேறியோர்க்குச் சமூகத்திற் செய்தற்கு மெய்யான பணியும் இருந்தது. இம்மூன்றும் ஒருங்கமைந்தமையாலேயே அம்முயற்சி பயன் தந்தது என நாம் கருதுகிறோம். மிசனின் சமய நோக்கங்கள் பற்றிய விமரிசனம் வேறு. கல்வி முறைமை என்ற வகையில் அது நமது கவனத்திற்குரியது.

கந்தெசவிலிருந்து கன்னங்கரா அறிக்கை வரை

அரசாங்க சபைக் காலத்தில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்தபோது, கண்டிக்கு அண்மையிலுள்ள கந்தெசவில் கிராமியக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. கிராமத்தின் கமத்தொழில், சுகாதாரம், கைப்பணி ஆகியவற்றை மையமாகக் கொண்டு எழுத்தையும் எண்ணையும் கற்பித்தல் அதன் அடிப்படைக் கருத்தாகும். 1937இல் இந்தியாவின் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியோடு இது ஒப்புநோக்கத்தக்கது. ஆயினும் கந்தெசத் திட்டம் நாற்பதுகளில் நலிவுற்றது. நகர்ப்புற ஆங்கிலப் பாடசாலைப் பிள்ளைகள் இலக்கியமும் கணிதமும் கற்று உத்தியோகம் பெற்றுக் கொண்டிருக்கையில், கிராமப் பிள்ளைகள் மட்டும் மண்வெட்டி பிடிக்கப் பயிற்றப்படுவானேன் என்பது பெற்றோரின் வினாவாக இருந்தது. அவ்வினாவுக்கு நேர்மையான விடை எவரிடமும் இருக்கவில்லை.

1943ஆம் ஆண்டின் கன்னங்கரா அறிக்கை இலவசக் கல்விக்கு வழிகோலிய வரலாற்றுச் சிறப்புடைய ஆவணமாகும். அதனாலேயே 1945 முதல் ஏழை மாணவர்க்கு உயர்கல்வியின் கதவு திறந்தது. ஆனால் அவ்வறிக்கையின் மற்றொரு பரிந்துரை அடிக்கடி மறக்கப்படுகின்றது. ஆரம்பக் கல்வியின் முடிவிலே, ஏறத்தாழப் பதினொரு வயதில், பிள்ளைகளைத் தெரிவு செய்து மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்பவேண்டும் என்று அது கூறிற்று. அவற்றுள் ஒன்று செயன்முறைப் பாடசாலை. இப்பிரிவினை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. இலவசக் கல்வியை இருகரம் நீட்டி வரவேற்ற மக்களே தம் பிள்ளைகள் செயன்முறைப் பிரிவிற்கு ஒதுக்கப்படுவதை ஏற்க மறுத்தனர். பதினொரு வயதிலே ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்யும் ஏற்பாடு எவ்வளவு நல்லெண்ணத்துடன் வகுக்கப்பட்டபோதிலும், நடைமுறையில் அது வர்க்கப் பிரிவினையை உறுதி செய்வதாகவே அமையும். இவ்வுண்மையை அம்மக்கள் கோட்பாடு எதுவும் கல்லாமலே உணர்ந்திருந்தனர்.

1972: துணிவான ஒரு பரிசோதனை

1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் வெடித்த இளைஞர் கிளர்ச்சி, கற்றவரின் வேலையில்லாத் திண்டாட்டத்தை நாட்டின் முதற் பிரச்சினையாக்கியது. அவ்வாண்டிலேயே டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனத்தின் ஆய்வுக்குழு, இளைஞர் எதிர்பார்க்கும் வேலைகளும் பொருளாதாரம் தரக்கூடிய வேலைகளும் பொருந்தவில்லை எனச் சுட்டியது. 1972இல் ஆரம்பமான கல்விச் சீர்திருத்தம் இப்பின்னணியில் உருவானதாகும். ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை எல்லா மாணவர்க்கும் பொதுவான பாடவிதானமொன்று வகுக்கப்பட்டது. அதனுள் தொழில் முன்னிலைப் பாடங்கள் இரண்டு இடம்பெற்றன. பழைய சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை அறிமுகஞ் செய்யப்பட்டு, 1975 டிசம்பரில் முதன்முறையாக நடைபெற்றது. உயர் வகுப்புகளிலும் செயற்றிட்ட வேலை சேர்க்கப்பட்டது.

இச்சீர்திருத்தத்தின் தனிச்சிறப்பு யாதெனின், தொழிலைத் தெரியும் பொறுப்பைப் பாடசாலைச் சூழலுக்கே அது விட்டதாகும். மீன்பிடிக் கிராமத்துப் பாடசாலை மீன்பிடியையும், நெசவூர்ப் பாடசாலை நெசவையும், மட்பாண்டம் வனையும் ஊர் மட்பாண்டத்தையும் ஆராய்ந்து பாடமாக்கலாம். தொழிலின் செய்கையை மட்டுமன்றி அதன் வரலாறு, விஞ்ஞானம், பொருளியல், கலை ஆகிய பக்கங்களையும் மாணவர் கற்கவேண்டும் என்பது நோக்கமாகும். கன்னங்கரா அறிக்கையின் முப்பிரிவு இங்கில்லை. மருத்துவரின் மகனும் மீனவரின் மகளும் ஒரே பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. முற்போக்குக் கல்விச் சிந்தனையின் நோக்கில் இது முன்னைய முயற்சிகள் எல்லாவற்றையும் விட மேம்பட்டதாகும்.

எனினும் 1977இன் ஆட்சி மாற்றத்தோடு இம்முறை கைவிடப்பட்டுப் பழைய பரீட்சைகள் மீட்கப்பட்டன. அரசியல் மாற்றமே இதற்கு முழுக்காரணம் எனக் கூறி அமைதல் எளிது. ஆனால் அதன் நீக்கத்தை எதிர்த்துப் பெற்றோர் வீதிக்கு வரவில்லை என்பதையும் நாம் சிந்தித்தல் வேண்டும். ஆசிரியர் பலர் தாம் ஒருபோதும் செய்தறியாத தொழிலைக் கற்பிக்க நேர்ந்தது. தொழிலை நன்கறிந்த கம்மாளரோ மீனவரோ சான்றிதழ் இன்மையாற் பாடசாலைக்குள் ஆசிரியராக மதிக்கப்படவில்லை. கருவிகளும் பட்டறையும் அற்ற பாடசாலைகளில் தச்சுவேலை கரும்பலகையிலே கற்பிக்கப்பட்டது. தொழிலைப் பாடசாலைக்குள் கொண்டுவர முயன்றார்களேயன்றி, மாணவரைத் தொழில் நடக்கும் இடத்திற்குக் கொண்டுசெல்லும் நிலையான ஏற்பாட்டை அமைக்கவில்லை. தமிழ்ப் பகுதிகளில் வேறொரு காரணமும் சேர்ந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்ட அதே ஆண்டுகளில் இச்சீர்திருத்தமும் வந்தமையால், உயர்கல்விக்கான பாதை மேலும் ஒடுக்கப்படுகின்றது என்னும் ஐயம் இயல்பாகவே எழுந்தது.

பாடவிதானமா, பொருளாதாரமா?

1965இல் பிலிப் பொஸ்ரர் என்னும் ஆய்வாளர் கானா நாட்டை அடிப்படையாகக் கொண்டு எழுதிய கட்டுரையொன்று கல்வியுலகிற் பெருவாதத்தை எழுப்பியது. மாணவரின் தொழில் விருப்பத்தைப் பாடவிதானம் தீர்மானிப்பதில்லை. எந்தத் தொழிலுக்கு என்ன ஊதியமும் மதிப்பும் கிடைக்கின்றன என்பதே தீர்மானிக்கின்றது என அவர் வாதித்தார். கமத்தொழிலைப் பாடமாக்குவதால் மட்டும் மாணவர் கமக்காரர் ஆகிவிடார் என்பது அதன் சாரம்.

இக்கருத்தைச் சோதிக்க நாம் கானாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் அவற்றிற்கு நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் கற்ற இளைஞர் பலர் வன்னிக்குச் சென்றனர். விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களின் 'படித்த வாலிபர்' குடியேற்றத் திட்டங்களில் மிளகாய் செழித்தது. எந்தப் பாடசாலையும் அவர்களுக்கு உழைப்பின் மாண்பைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. உழைப்புக்குப் பலன் கிடைத்தது, எனவே உழைத்தனர். 1977இன் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டு விலை வீழ்ந்தபோது, அதே உழைப்பு அவர்களைக் கடனாளிகளாக்கியது. 'எமது இளைஞர் மண்ணில் இறங்க மாட்டார்கள்' என்னும் கூற்று பொய்யென இவ்வேழாண்டு வரலாறு காட்டுகின்றது.

இதிலிருந்து பாடசாலை எதுவுமே செய்ய இயலாது என்னும் முடிவுக்கு நாம் வருதல் தவறாகும். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பாடசாலையின் குற்றமாகக் கூறுவது பொருளாதார அமைப்பின் குறைபாட்டை மறைப்பதாகும். அவ்வாறே, பொருளாதாரம் மாறும்வரை பாடசாலை வாளாவிருக்க வேண்டும் என்பதும் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும். பணிவழிக் கல்வி வேலைகளை உற்பத்தி செய்யாது. ஆனால், இருக்கும் உற்பத்தியை விளங்கிக்கொள்ளவும் அதனை மேம்படுத்தவும் அதில் தமது உரிமையைக் கேட்கவும் வல்ல மனிதரை அது உருவாக்கக்கூடும். தொழிற்சாலைச் சட்டங்களை ஆராய்ந்த கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் உற்பத்தி உழைப்பையும் கல்வியையும் உடற்பயிற்சியையும் இணைப்பது பற்றிப் பேசியபோது, மலிவான கூலிகளை ஆக்கும் வழியை அவர் நாடவில்லை. முழுமையாக வளர்ச்சியுற்ற மனிதரை ஆக்குவதே அவரது கருத்தாகும்.

குலத்தொழில் என்னும் பொறி

தமிழ்ச் சமூகத்திற் பணிவழிக் கல்வி பற்றிப் பேசும் எவரும் சாதியைத் தவிர்த்துப் பேச முடியாது. 1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு ஆரம்பப் பாடசாலை நேரத்தைக் குறைத்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று அது திட்டமிட்டது. திராவிட இயக்கத்தினர் அதனைக் 'குலக்கல்வித் திட்டம்' எனப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. பாடசாலை வசதியை விரிவாக்குவதே அத்திட்டத்தின் நோக்கம் எனக் கூறப்பட்டது. ஆயினும் தோட்டியின் மகன் தோட்டித் தொழிலையும் வண்ணாரின் மகள் வண்ணாரத் தொழிலையும் கற்க வேண்டும் என்பதே அதன் விளைவாக இருந்திருக்கும்.

இவ்வபாயம் நமது பகுதிகளிலும் உண்டு. சூழலிலுள்ள தொழிலைப் பாடமாக்குக என்னும் விதி சாதியடிப்படையிற் குடியிருப்புகள் அமைந்த ஊரிலே, தந்தையின் தொழிலைப் பாடமாக்குக என்னும் விதியாக எளிதில் மாறிவிடும். மரமேறும் தொழிலாளியின் பிள்ளை பனைத்தொழில் பற்றிய பாடத்திற்கு ஒதுக்கப்பட்டு, ஏனையோர் கணக்கியலுக்குச் செல்வாராயின், அது கல்வியாகாது. பெண்பிள்ளைகள் தையலுக்கும் மனையியலுக்கும், ஆண்பிள்ளைகள் மின்னியலுக்கும் பொறித்திருத்தத்திற்கும் என்று ஒதுக்கும் வழக்கமும் இத்தகையதே. மலையகத்தில் இவ்வபாயம் இன்னும் கடுமையானது. தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கீழிருந்தன; தோட்டத்தின் வேலைத் தேவைகளே பிள்ளையின் பாடசாலை வாழ்வை வரையறுத்தன. அத்தகைய வரலாறுடைய ஒரு சமூகத்திடம் தோட்டத்துடன் பாடசாலை கூட்டுச்சேர வேண்டும் எனக் கூறுமுன் நாம் மிகவும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எந்தத் தொழிலையும் எந்தப் பிள்ளையும் கற்கலாம் என்பதும், தந்தையின் தொழிலைக் கற்குமாறு எந்தப் பிள்ளையும் நிர்ப்பந்திக்கப்படலாகாது என்பதும் பணிவழிக் கல்வியின் முதல் விதியாதல் வேண்டும்.

பணிக்களத்தில் கற்பது எதனை?

பணிக்களத்திற்கு மாணவரை அனுப்புதல் மட்டும் கல்வியாகிவிடாது. தேநீர் வாங்கி வருவதும் தளங்கூட்டுவதுமாக ஆறு மாதத்தைக் கழித்த பயிலுநர் பலரை நாம் அறிவோம். செய்கையினின்று அதன் காரணத்திற்கும், காரணத்தினின்று திருத்தமான செய்கைக்கும் மாணவர் சென்று மீளும்போதே கற்றல் நிகழ்கின்றது. சில எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்கலாம்.

பனையிலிருந்து இறக்கும் நீர் முட்டியினுள் சுண்ணாம்பு தடவியிருந்தாற் கருப்பநீராகிறது, தடவாதுவிட்டாற் கள்ளாகிறது. இதனைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அறிவர். நீரிலுள்ள வெல்லத்தை மதுசாரமாக மாற்றுவது மதுவம் எனப்படும் நுண்ணுயிரான ஈஸ்ற் என்பதையும், சுண்ணாம்பின் காரத்தன்மை அதன் செயலைத் தடுக்கின்றது என்பதையும் மாணவர் இரசாயன வகுப்பிற் கற்கலாம். சுண்ணாம்பு குறைந்தால் வெல்லம் சிதைந்து பனங்கட்டி இறுகாமற் போகும். மிகுந்தால் நிறமும் சுவையும் கெடும். எவ்வளவு போதும் என்பதைத் தொழிலாளியின் கை அறியும். அதனை அளந்து எழுத மாணவர் அறிவர். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கமொன்றுடன் பாடசாலை இணையுமாயின், இவ்விரு அறிவும் ஒன்றையொன்று சந்திக்கும். அச்சந்திப்பிலே தொழிலாளியும் ஆசிரியராகிறார். சாதியால் தாழ்த்தப்பட்ட ஓர் அறிவு பாடசாலையின் மதிப்பைப் பெறுதல் சிறிய விடயமன்று.

கரையோரப் பாடசாலையொன்று கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துடன் இணைவதாகக் கொள்வோம். படகின் வெளியிணைப்பு இயந்திரத்தில் எரிபொருளோடு உராய்வு நீக்கி எண்ணெயை ஏன் குறித்த விகிதத்திற் கலக்க வேண்டும், உப்புநீர் உலோகத்தை எவ்வாறு அரிக்கின்றது, பனிக்கட்டியின்றி மீன் எத்துணை விரைவிற் பழுதடைகின்றது என்பன பௌதிகமும் இரசாயனமும் உயிரியலுமாகும். கரையில் மீன் விற்ற விலைக்கும் கொழும்புச் சந்தை விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு யாரிடம் சேர்கின்றது என்பது பொருளியலாகும். அதேபோல், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டையும் ஆண்டுக் கணக்காய்வையும் நேரிற் கண்ட மாணவர் கணக்கியலை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. அங்கத்தவரின் பணம் எவ்வாறு காக்கப்படுகின்றது என்பதையும், காக்கப்படாதபோது யார் வினவ வேண்டும் என்பதையும் சேர்த்தே அவர் கற்பார்.

இணைப்புக்கான நிபந்தனைகள்

பாடசாலையும் தாபனமும் இணைவதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. அதிபரின் தனிப்பட்ட செல்வாக்கினால் உருவாகும் ஏற்பாடு அவர் இடம்மாறியவுடன் மறைந்துவிடும். ஆகவே இரு தரப்பினரின் கடமைகளையும் கூறும் எழுத்து மூலமான உடன்படிக்கை இன்றியமையாதது. அதில் இடம்பெற வேண்டியனவாக நாம் கருதுவனவற்றைக் கீழே தருகிறோம்.

முதலாவது, வயது. இலங்கையிற் கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. வேலைக்கமர்த்தலுக்கான ஆகக்குறைந்த வயதும் 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே பதினாறு வயதிற்குட்பட்டோர் பணிக்களத்திற்குச் செல்வது கண்டறிவதற்கும் ஆராய்வதற்குமேயன்றி உற்பத்திக்காக அன்று. தொடர்ச்சியான பணிப்பயிற்சி பன்னிரண்டாம் பதின்மூன்றாம் தரங்களுக்கே பொருந்தும். அபாயகரமான தொழில்களிற் பதினெட்டு வயதிற்குக் குறைந்தோர் ஈடுபடுத்தப்படலாகாது.

இரண்டாவது, கற்றல் திட்டம். எந்தக் கிழமையில் எப்பகுதியில் எதனைக் கற்பது என்பது முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஒரே இயந்திரத்தின் முன் ஆறு மாதம் நிறுத்தப்படும் மாணவர் பயிலுநர் அல்லர். கூலியற்ற தொழிலாளர் ஆவார். மாணவர் நாட்குறிப்பொன்றை எழுதுதலும், ஆசிரியர் குறித்த காலந்தோறும் பணிக்களத்திற்குச் சென்று அதனைப் பார்வையிடுதலும் வேண்டும். ஆசிரியரின் இப்பயணமும் நேரமும் அவரது கடமை நேரத்துள் அடங்குதல் வேண்டும். மேலதிகச் சுமையாகச் சுமத்தப்படும் எதுவும் நீடிக்காது.

மூன்றாவது, பாதுகாப்பும் படியும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் பாடசாலை மாணவர் ஒருவர்க்கு அதன் பயன் தானாகவே கிட்டும் என எடுத்துக்கொள்ளுதல் தகாது. அவருக்கெனத் தனிக் காப்புறுதி தேவை. போக்குவரத்துச் செலவும் மதிய உணவும் வழங்கப்படாவிடின், வறிய மாணவரே முதலில் விலகுவர்.

நான்காவது, மேற்பார்வையிற் பங்குபற்றுவோர். ஜெர்மனியில் 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ் இயங்கும் இரட்டை முறையிலே பயிலுநர் கிழமையில் ஓரிரு நாட்கள் பாடசாலையிலும் ஏனைய நாட்களில் நிறுவனத்திலும் கற்கின்றனர். இறுதிப் பரீட்சையை நடத்தும் குழுவில் தொழில்கொள்வோரின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சமமாக இடம்பெறுவர், ஆசிரியரும் இருப்பர். அம்முறையை அவ்வாறே இங்கு இறக்குமதி செய்ய இயலாது. அந்நாட்டின் பல மாநிலங்களிற் பத்து வயதளவிலேயே பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். அது பின்பற்றத் தக்கதுமன்று. ஆயினும் பயிற்சியின் தரத்தைத் தொழில்கொள்வோர் தனித்து நிர்ணயிக்க விடாது, தொழிலாளரும் ஆசிரியரும் உடனிருத்தல் என்னும் கோட்பாடு நமக்குப் பெரிதும் தேவையானது. உள்ளூரிலே தொழிற்சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் பெற்றோர் சங்கமும் இவ்விடத்தை நிரப்பக்கூடும்.

ஐந்தாவது, திறந்த பாதை. பணிவழிக் கல்வியைத் தெரிந்த மாணவர்க்கு உயர்கல்வியின் கதவு அடைபடலாகாது. இலங்கையின் தேசிய தொழிற்றகைமை முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கு சான்றிதழ்களும், ஐந்தும் ஆறும் தகைமைச் சான்றிதழ்களான டிப்ளோமாக்களும், ஏழாவது பட்டமும் ஆகும். 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட தொழினுட்பவியற் பல்கலைக்கழகம் இவ்வேணியின் உச்சியில் உள்ளது. ஏணி தாளில் இருப்பது நன்று. அதன் ஒவ்வொரு படியும் கிளிநொச்சி, மட்டக்களப்பு, நுவரெலியா மாணவர்க்குத் தமிழ் மொழி மூலம் எட்டுமா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா. கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடை கண்ட அதே வினா இது.

இன்றைய நிலையும் முடிவுரையும்

2017இல் நாற்பத்திரண்டு பாடசாலைகளில் முன்னோடியாகத் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் இந்நீண்ட வரலாற்றின் அண்மைய அத்தியாயமாகும். சாதாரண தரப் பெறுபேறு எவ்வாறிருப்பினும் மாணவர் பன்னிரண்டாம் தரத்திற்குச் சென்று தொழிற்பாடத்துறையில் கற்கலாம் என்பதும், பயிற்சி நிறுவனங்களுடன் இணைந்து தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம் என்பதும் அதன் சிறப்புகளாகும். பரீட்சையிற் சித்தியெய்தாதோர் என முத்திரை குத்தப்பட்டு ஆண்டுதோறும் வெளியேற்றப்பட்ட மாணவர் பாடசாலைக்குள் தொடர்ந்திருக்க வழி பிறந்தமை முன்னேற்றமே. ஆயினும், 'தவறியோருக்கான வகுப்பு' எனச் சமூகம் அதனை நோக்குமாயின், கந்தெசவிற்கும் செயன்முறைப் பாடசாலைக்கும் நேர்ந்த கதியே இதற்கும் நேரும்.

நாம் மேலே கண்ட வரலாறு ஒரு தெளிவான பாடத்தைத் தருகின்றது. ஏழைகளுக்கென்று தனியாக வகுக்கப்பட்ட தொழிற்கல்வியை ஏழைகளே நிராகரித்தனர். அவர்கள் நிராகரித்தது சரியுமாகும். 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் இத்தவறைச் செய்யவில்லை. ஆனால் பணிக்களத்தையும் தொழிலாளியையும் கல்வியின் சம பங்காளராக அது ஆக்கத் தவறியது. எனவே இனி வரும் முயற்சி இவ்விரண்டையும் இணைத்தல் வேண்டும். வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர விரும்பும் மாணவரும் கூட்டுறவுச் சங்கத்திலோ பண்ணையிலோ பட்டறையிலோ சில கிழமைகளேனும் கற்றல் வேண்டும். பட்டறையிற் கற்கும் மாணவர்க்கு மொழியும் கணிதமும் வரலாறும் குறைவின்றிக் கிடைத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நமக்கும் இதிற் கடமையுண்டு. உள்ளூர்த் தொழில்கள் பற்றிய ஆய்வுகளைத் தமிழில் எழுதிப் பாடசாலைகளுக்குக் கொடுத்தல், தொழிலாளரிடம் வழங்கும் கலைச்சொற்களைத் தொகுத்தல், பணிக்கள ஏற்பாடுகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதைப் பக்கச்சார்பின்றி ஆராய்ந்து வெளியிடுதல் ஆகியன நம்மால் இயல்வன. உழைப்பின் மாண்பு பற்றி மேடையிற் பேசிவிட்டுத் தம் பிள்ளைகளை மட்டும் வேறு வழியில் அனுப்பும் கற்றோரைப் பார்த்தே மக்கள் இதுகாறும் ஐயுற்றனர். அவ்வையத்தைப் போக்கும் பொறுப்பு முதலில் நம்முடையதாகும்.